பாஸ்போர்ட் படமும் திருஷ்டிப் பொட்டும்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலம் சென்று வாழும் நம்மவர்க்கு, அங்கிருந்து கடல் கடந்து செல்லும் வாய்ப்பு வருவது இன்று அரிய செய்தியன்று. பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் நெடுஞ்சாலையின் இரு மருங்கும் பரந்து கிடக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியை நேயர்கள் பலர் அறிவார்கள். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்தின் முதல் தலைவராக விளங்கிய ஆர். கே. பாலிகா அவர்களின் முயற்சியால், 1978-ஆம் ஆண்டில் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் தோன்றிய தொழிற்பேட்டை அது. அங்கிருந்து அதே சாலையில் தெற்கே சென்று அத்திபெலே எல்லையைத் தாண்டினால் நம் ஓசூர். ஆகவே அங்குள்ள கணினி நிறுவனங்களிலும், அடுத்துள்ள பொம்மசந்திரா ஆலைகளிலும் தமிழர் மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை. அவர்களுள் எவரேனும் ஒருவர் எந்த வாரத்திலும் பாஸ்போர்ட்டுக்கோ விசாவுக்கோ விண்ணப்பம் நிரப்பிக் கொண்டிருப்பார் என்று சொன்னால் மிகையாகாது.

விண்ணப்பத்தை நிரப்புவதில் எவ்வளவோ கவனம் செலுத்தும் நாம், அதனோடு செல்லும் படத்தைப் பற்றி மட்டும் கவலைப்படுவதில்லை. பிறந்த நாள் சான்றிதழை நான்கு முறை சரி பார்ப்போம். படத்தை மட்டும் வழியில் உள்ள கடையில் ஐந்து நிமிடத்தில் எடுத்து முடித்து விடுவோம். அதனால் விளைந்த ஒரு சங்கடத்தை முதலில் சொல்ல விரும்புகிறோம்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நீலாத்ரி சாலைப் பகுதியில் குடியிருந்த இளம் தம்பதியர் நமக்கு அறிமுகமானவர்கள். கணவருக்கு ஜெர்மனியில் வேலை உறுதியாயிற்று. மனைவியும் ஏழு மாதக் குழந்தையும் உடன் செல்வதாக ஏற்பாடு. குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி பேத்தியைக் குளிப்பாட்டி, நெற்றியில் ஒரு பொட்டும், கண்ணேறு படாதிருக்கக் கன்னத்தில் பெரியதாக ஒரு மைப் பொட்டும் இட்டு, மடியில் நிற்க வைத்துப் பிடித்துக் கொண்டார். படம் எடுத்தவர் நீலத் திரையின் முன் எடுத்தார். பிறகு கணினியில் நீலத்தை அகற்றி வெள்ளை ஆக்கினார். அப்போது குழந்தையின் இடது காதின் ஓரமும் நீலத்தோடு போய்விட்டது. பாட்டியின் வளையல் அணிந்த கை விலாப்புறத்தில் தெரிந்தது. இவ்வளவும் போதாதென்று, சதுரமாக இருந்த படத்தை நீள்சதுரமாக்க அவர் அதை இழுத்தும் விட்டார்; உருண்டை முகம் வாழைப்பூப் போல நீண்டு விட்டது.

குறித்த நாளில் அலுவலகத்தில் படம் ஏற்கப்படவில்லை. வெளியே ஓடி வேறு படம் எடுத்தார்கள். அதற்குள் குழந்தை உறங்கிவிட்டது. கண் மூடிய படம் உதவவில்லை. முன்பதிவு வீணாயிற்று. அடுத்த நாள் கிடைத்துப் பாஸ்போர்ட் வந்து, அதன் பின் விசாவுக்கு விண்ணப்பிப்பதற்குள் கணவர் வேலையில் சேர வேண்டிய தேதி வந்துவிட்டது. அவர் தனியே விமானம் ஏறினார். பாட்டிக்கு அதில் பெரிய மனவருத்தம். தாம் இட்ட பொட்டினால் அல்லவா குடும்பம் பிரிந்து நிற்கிறது என்று அவர் பல நாள் சொல்லிக் கொண்டிருந்தார். உண்மையில் அந்தப் படத்தில் இருந்த பிழைகளில் மிகச் சிறியது அந்தப் பொட்டுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். படம் எடுத்துச் செல்வதற்கு முன், படம் வேண்டுமா என்று கேட்க வேண்டும். இந்தியாவுக்குள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் வயது வந்தவர் எவரும் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குப் படம் கொண்டு செல்ல வேண்டியதில்லை. 2010-ஆம் ஆண்டில் முதன்முதல் இத்தகைய கேந்திரங்கள் திறக்கப்பட்ட நகரங்களுள் பெங்களூரும் ஒன்று. அன்று முதல், உள்ளே சென்றதும் 'ஏ' என்னும் முதற் பிரிவு மேசையிலேயே விரல் ரேகையையும் முகப்படத்தையும் அவர்களே எடுத்துக் கொள்கிறார்கள். எனினும் கையில் எட்டுப் பிரதிகளை உறையில் இட்டுக் கொண்டு வருவோர் இன்றும் உளர். அவை வீண் செலவே. ஆயின் நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் 4.5 சென்டிமீட்டர் உயரமும் 3.5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள படத்தைப் பெற்றோர் கொண்டு வர வேண்டும். அயல்நாட்டில் வாழ்ந்துகொண்டு அங்குள்ள நம் தூதரகத்தில் விண்ணப்பிப்போரும், எந்த நாட்டின் விசாவுக்கேனும் விண்ணப்பிப்போரும் படம் தர வேண்டியவர்களே.

இவ்விடத்தில் வேறொன்றையும் சொல்லி விடலாம். வெளிமாநிலத்தில் இருப்போர் பாஸ்போர்ட்டுக்காகச் சொந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் உண்டு. 2018-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். காவல்துறையினர் மட்டும் விண்ணப்பத்தில் கண்ட முகவரியில் விசாரிப்பார்கள். எலெக்ட்ரானிக் சிட்டிவாசிகள் பெங்களூரில் உள்ள கேந்திரத்துக்கே செல்லலாம். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்ட பிறகு, ஆர். வி. சாலை நிலையத்தில் பச்சைத் தடத்துக்கு மாறி நகருக்குள் செல்வது எளிதாகி விட்டது. சில்க் போர்டு சந்திப்பில் காலைப் பொழுதைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பாஸ்போர்ட்டில் படம் ஒட்டும் வழக்கம் தொன்மையானதன்று. முதல் உலகப் போருக்கு முன் வழங்கிய பாஸ்போர்ட்டுகளில் படமே இல்லை. 1914-ஆம் ஆண்டில் கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மானிய உளவாளி, சார்லஸ் இங்கிலிஸ் என்ற அமெரிக்கர் ஒருவரின் உண்மையான பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பிரிட்டனில் உலவினான். பெயர் வேறு, ஆள் வேறு. சோதித்தவர்களுக்கு அதை அறிய வழியில்லை. அவன் பிடிபட்டு, அவ்வாண்டு நவம்பரில் லண்டன் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டான். அவ்வாண்டின் இறுதியிலேயே அமெரிக்காவும், 1915-இல் பிரிட்டனும் பாஸ்போர்ட்டில் படம் வேண்டுமென விதித்தன. தொடக்க காலத்தில் தொப்பியோடும், குடும்பத்தோடும், தோட்டத்து நாற்காலியில் சாய்ந்தபடியும் எடுத்த படங்களைக்கூட ஏற்றுக் கொண்டார்கள். அன்று படத்தைப் பார்த்தவர் மனிதர். மனிதர் ஊகிப்பார், தொப்பியின் நிழலைக் கழித்துப் பார்ப்பார், சிரித்த முகத்தையும் சிரிக்காத முகத்தையும் ஒன்றென உணர்வார்.

இன்று முதலில் பார்ப்பது இயந்திரம். உலகச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் என்ற அமைப்பு 9303 எண்ணுள்ள ஆவணம் ஒன்றை 1980-இல் முதன்முதலாக வெளியிட்டது. இயந்திரம் படிக்கத்தக்க பாஸ்போர்ட் எவ்வாறு இருக்க வேண்டும் என்று கூறுவது அதுவே. 2003-ஆம் ஆண்டில் அந்நிறுவனம், ஆளை அடையாளம் காண முகத்தையே முதன்மையாகக் கொள்வதென முடிவு செய்தது. நம் நாட்டில் 2024 ஏப்ரலில் முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் விரிந்த மின்னணுப் பாஸ்போர்ட்டில், அட்டைக்குள் ஒரு சில்லு பொதிந்திருக்கிறது. முன்னட்டையில் பொன்னிறமான ஒரு சிறு முத்திரை இருப்பதைக் கொண்டு அதை அறியலாம். அந்தச் சில்லுக்குள் விண்ணப்பதாரரின் முகப்படமும் அடங்கும். அயல்நாட்டு விமான நிலையத்தின் தானியங்கி வாயிலில் நாம் நிற்கும்போது, அங்குள்ள காமிரா நம் முகத்தை எடுத்து, சில்லில் உள்ள முகத்தோடு ஒப்பிடுகிறது. கண்களின் நடுவிடங்கள், மூக்கு, வாயின் ஓரங்கள், தாடை விளிம்பு ஆகியவற்றின் அமைப்பை அது நோக்குகிறது. நாம் வாய் விட்டுச் சிரித்தால் வாயோரம் விரிகிறது, கன்னம் மேலெழுகிறது, கண் சுருங்குகிறது. சிரிக்காதே என்று சொல்வதற்குக் காரணம் இதுவேயன்றி அதிகாரிகளின் சிடுசிடுப்பன்று.

2025 செப்டம்பர் முதல், அயல்நாடுகளில் உள்ள நம் தூதரகங்கள் இந்த உலக விதிகளுக்கு ஒத்த படங்களையே கேட்கின்றன. படத்தின் அளவு 630-க்கு 810 புள்ளிகள். தலையும் தோளின் மேற்பகுதியும் மட்டும் தெரிய, முகம் படத்தில் 80 முதல் 85 விழுக்காடு இடத்தை நிரப்ப வேண்டும். பின்னணி வெள்ளை. ஒளி சீராக விழ வேண்டும், நிழல் கூடாது. கண் திறந்தும் வாய் மூடியும் இருக்க வேண்டும். கணினியில் மாற்றம் செய்த படம் ஏற்கப்படாது.

இங்கேதான் நம்மவர் பெரிதும் இடறுகிறார்கள். ஒரு முறை எடுத்த படத்தையே எல்லாவற்றுக்கும் கொடுத்து விடலாம் என்று நினைக்கிறார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கும் நம் பாஸ்போர்ட்டுக்கும் அளவு 35-க்கு 45 மில்லிமீட்டர்தான். மேற்சொன்ன 630-க்கு 810 புள்ளிகளும் அதே விகிதமே, 7-க்கு 9. ஆனால் அமெரிக்க விசாவுக்கோ 51 மில்லிமீட்டர்ச் சதுரம் வேண்டும். அதில் தலை 25 முதல் 35 மில்லிமீட்டர், அதாவது படத்தின் உயரத்தில் பாதி முதல் 69 விழுக்காடு வரை மட்டுமே இருக்கலாம். நம் தூதரகம் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் கேட்க, அமெரிக்கர் 69-க்கு மேல் ஆகாது என்கின்றனர். எனவே ஒன்றுக்குச் சரியாக வெட்டிய படம் மற்றொன்றுக்கு எக்காலத்திலும் பொருந்தாது. சதுரத்தை இழுத்து நீள்சதுரமாக்குவதும், நீள்சதுரத்தை அமுக்கிச் சதுரமாக்குவதும் முகத்தையே மாற்றி விடும். கடைக்காரரிடம் இதைச் செய்ய விடாதீர்கள்.

இதற்கு வழி எளிது. தலைக்கு மேலும் இரு புறமும் தாராளமாக வெற்றிடம் விட்டு ஒரே படத்தை எடுக்கச் சொல்லி, வெட்டாத அந்த மூலப்படத்தைக் கேட்டு வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். அதிலிருந்து வேண்டிய விகிதத்தில் வெட்டிக் கொள்ளலாம். அதை வாட்ஸ்அப் வழியே சாதாரணமாக அனுப்பச் சொன்னால் படம் சுருங்கி, நுட்பம் கெட்டு வரும். ஆவணமாக அனுப்பச் சொல்ல வேண்டும். இன்றேல் மின்னஞ்சலில் பெற வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட படமே பெரும்பாலான நாடுகளுக்கு வேண்டும் என்பதால், மூலப்படமும் என்றென்றும் உதவாது.

இக்காலத்தில் பலர் கடைக்கே செல்வதில்லை. கைப்பேசியை நீட்டிப் பிடித்துத் தம்மைத் தாமே எடுத்துக் கொள்கின்றனர். அது ஏன் கூடாது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 சென்டிமீட்டர் ஆழம் இருக்கும் என்று கொள்வோம். கைப்பேசி மூக்குக்கு 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், காது 42 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும் ஆதலால், காதோடு ஒப்பிட மூக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு பெருத்துத் தெரிகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் தூரங்கள் 150-ம் 162-ம் ஆகின்றன. வேறுபாடு 8 விழுக்காடே. நம் தூதரகங்களின் விதியும் ஒன்றரை மீட்டர் என்றே கூறுகிறது. தம் முகம் கண்ணாடியில் ஒருவிதமாகவும் கைப்பேசிப் படத்தில் வேறுவிதமாகவும் இருப்பதாகக் குறைப்படுவோர், தம் மூக்கை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

வீட்டிலேயே எடுப்பதானால் மற்றொருவரை எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சுவரில் முதுகு சாயாமல், ஓரடி ஈரடி முன்னால் வந்து நில்லுங்கள். இல்லையெனில் தலையின் நிழல் சுவரில் விழும். சன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் ஒரு கன்னம் வெயிலிலும் ஒரு கன்னம் இருளிலும் நிற்கும். கூரை விளக்கின் கீழ் எடுத்தால் கண்குழி கறுக்கும். எடுப்பவரின் காமிரா உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும்.

வெள்ளைப் பின்னணி நம் நிறத்தாருக்கு ஒரு தனித் தொல்லை தருகிறது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். காமிரா தன் எதிரே உள்ளவற்றின் ஒளியைச் சராசரியாகக் கணக்கிட்டுக் கொள்கிறது. பெரும்பகுதி வெள்ளையாக இருந்தால், ஒளி மிகுந்து விட்டதென எண்ணி முழுப்படத்தையும் மங்கச் செய்து விடுகிறது. மாநிற முகமும் கறுத்த முகமும் அப்போது விவரம் இழந்து கரிய பரப்பாகி விடுகின்றன. படம் எடுத்தவர் உடனே கணினியில் முகத்தை வெளுக்கத் தொடங்குகிறார். சற்று வெளுத்தது வாடிக்கையாளருக்கும் பிடித்து விடுகிறது. அப்படியே கன்னத்து மருவும், அம்மைத் தழும்பும், கண்ணின் கீழ்க் கருவளையமும் துடைக்கப்படுகின்றன. முடிவில் கையில் கிடைப்பது கல்யாணத் தரகருக்குக் கொடுக்க ஏற்ற படம். பாஸ்போர்ட்டுக்கு ஏற்ற படமன்று.

இத்தொல்லை புதியதுமன்று. வண்ணப் படச்சுருளின் காலத்தில், நிறம் சரியாக வந்திருக்கிறதா என ஒப்பிட்டுப் பார்க்கக் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளை இனப் பெண்ணின் உருவமே இருந்தது. அவளது தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. முகம் அறியும் கணினி நிரல்களிலும் இதே குறை உண்டு. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில் 189 நிரல்கள் சோதிக்கப்பட்டன; அவற்றுள் பல, ஆசிய ஆப்பிரிக்க முகங்களை ஒருவருக்கு மற்றொருவராகத் தவறாகக் கொள்வது வெள்ளையர் முகங்களைவிடப் பன்மடங்கு மிகுதி என அறியப்பட்டது. நியூசிலாந்தில் 2016-ஆம் ஆண்டில் ஆசிய வழிவந்த இளைஞர் ஒருவரின் படத்தை, கண் மூடியிருப்பதாகச் சொல்லி இயந்திரம் தள்ளி விட்டது. அவர் கண் நன்றாகத் திறந்தே இருந்தது. ஆகவே படம் தள்ளப்படும்போதெல்லாம் பிழை நம்முடையதே என்று தலைகுனிய வேண்டியதில்லை. இயந்திரத்தின் பிழையாகவும் இருக்கலாம். அப்போது மனித அதிகாரி ஒருவர் பார்க்கும்படி பணிவாகவும் தயங்காமலும் கேட்க வேண்டும்.

எனினும் வெளுப்பது அதற்கு மருந்தாகாது, வெளிச்சமே மருந்து. முகத்தில் போதிய ஒளி விழச் செய்து, கைப்பேசியானால் திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டு அளவை முகத்துக்குப் பொருத்திவிட்டு எடுத்தால், எத்துணைக் கறுத்த முகமும் தெளிவாக விழும். உங்கள் நிறம் எதுவோ அதுவே சில்லில் ஏறட்டும். வாயிலில் நிற்கப் போவது நீங்கள் அல்லவா?

கணினித் திருத்தத்தை அதிகாரிகள் கடுமையாக மறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இருவருடைய முகங்களைக் கணினியில் கலந்து ஒரு முகமாக்கினால், அந்த ஒரே படம் இருவருக்கும் பொருந்தக் கூடும். ஒரு பாஸ்போர்ட்டில் இருவர் பயணம் செய்யலாம். இத்தாலியின் போலோஞா பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் 2014-ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டி எச்சரித்தார்கள். ஜெர்மனி 2025 மே மாதம் முதல் தன் குடிமக்களின் பாஸ்போர்ட்டுக்கு அச்சிட்ட படங்களை ஏற்பதை நிறுத்தி, அலுவலகத்திலேயோ அங்கீகாரம் பெற்ற நிலையத்திலேயோ எடுத்துப் பாதுகாப்பான வழியில் வரும் படங்களையே ஏற்கிறது. லோடியின் காலத்தில் படம் இல்லாமையால் வந்த வினை, இன்று படத்தினாலேயே வரப் பார்க்கிறது.

உடையும் அணியும் பற்றிச் சில சொற்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் தோள் மறைந்து, தலை மட்டும் அந்தரத்தில் மிதப்பது போல் தோன்றும். கேந்திரத்திலேயே படம் எடுத்துக் கொள்வோருக்கும் இது பொருந்தும். நல்ல நாளென்று வெள்ளை வேட்டி சட்டையில் வந்து நின்றவரை நாமே கண்டிருக்கிறோம். அடர்ந்த நிறச் சட்டையோ புடவையோ உசிதம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி விடுங்கள். அமெரிக்க விசாப் படத்தில் 2016 நவம்பர் முதல் கண்ணாடிக்கு இடமே இல்லை. சமயக் கட்டுப்பாட்டினால் தலையை மூடுவோர் மூடலாம். ஆனால் மோவாய் முதல் நெற்றியின் உச்சி வரையும், முகத்தின் இரு ஓரங்களும் தெரிய வேண்டும். நாள்தோறும் இடும் சிறிய பொட்டு முகத்தின் அமைப்பை மறைப்பதில்லை. நெற்றி நிறையப் பூசிய நீறும், கல் வைத்த ஒட்டுப் பொட்டும், பெரிய மூக்குத்தியும் ஒளியைத் திருப்பியடிக்கும்; அன்றைக்கு மட்டும் குறைத்துக் கொள்வது நலம். பெண்கள் தலைப்பூவைப் பின்னால் தள்ளி வைக்கலாம். நெற்றியில் விழும் மயிரைப் புருவம் தெரிய ஒதுக்க வேண்டும். பழனிக்கு நேர்ந்துகொண்ட மொட்டையைப் படம் எடுத்த பிறகு போட்டுக் கொள்ளலாமே என்று கேட்டால், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அச்சிட்ட படத்தில் எழுதுவதும், கம்பி ஊசியால் தைப்பதும், முகத்தின்மேல் முத்திரை வைப்பதும் பழைய பள்ளி விண்ணப்பக் காலத்துப் பழக்கங்கள். அவற்றை விட்டு விடுங்கள்.

பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு மேசையில் நடக்கும் உரையாடலைப் பற்றியும் ஒரு குறிப்பு. 'நேரவாகி நோடி' என்றால் நேராகப் பார்க்கும்படி சொல்கிறார்கள். 'நகபேடி' என்றால் நகைக்க வேண்டாம் என்பது பொருள். சொல்லே நமக்கு உறவாகத் தெரிகிறதல்லவா? 'கன்னடக தெகெயிரி' என்று கேட்டதும் நம்மவர் ஒருவர், தமக்குக் கன்னடம் தெரியாதென்று ஆங்கிலத்தில் வெகு நேரம் மன்னிப்புக் கோரினார். கன்னடக என்பது மூக்குக் கண்ணாடி. அதைக் கழற்றத்தான் சொன்னார்கள். படம் எடுத்து முடிந்ததும் ஒரு முறை காட்டும்படி கேட்டுப் பாருங்கள். கண் பாதி மூடியிருந்தால் அங்கேயே மீண்டும் எடுத்துக் கொள்வது எளிது. பாஸ்போர்ட் அச்சாகி வந்தபின் பத்தாண்டுக்கு அதே முகந்தான்.

இறுதியாகக் குழந்தைகள். இதுவே யாவற்றிலும் கடினம். கைக்குழந்தையை உட்கார வைக்க முயல வேண்டாம். கட்டிலில் சுருக்கமில்லாத வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, சன்னல் ஒளியில் நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். எடுப்பவரின் நிழல் குழந்தையின்மேல் விழாதவாறு சன்னல் அவருக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும்.   பால் குடித்து, உறக்கம் வருவதற்கு முன் உள்ள அரை மணி நேரமே ஏற்ற வேளை. ஒருவர் காமிராவுக்கு மிக அருகில் கிலுகிலுப்பையை ஆட்ட வேண்டும். பக்கத்தில் நின்று ஆட்டினால் குழந்தை பக்கத்தில்தான் பார்க்கும். வாயில் ரப்பர்க் காம்பு, பக்கத்தில் பொம்மை, தலையில் குல்லாய், பிடித்திருக்கும் கை ஆகிய எவையும் படத்துக்குள் வரலாகாது. முப்பது நாற்பது படம் எடுத்தால் ஒன்று தேறும். அதற்குப் பொறுமை வேண்டும்; கடைக்காரரிடம் அது இருப்பதில்லை, வீட்டில் இருக்கும்.

நாம் சொன்ன தூத்துக்குடிக் குடும்பத்தினரும் இரண்டாம் முறை அப்படித்தான் செய்தார்கள். படுக்கை விரிப்பில் காலை ஒன்பது மணி வெளிச்சத்தில் தாய் எடுத்தார். கிலுகிலுப்பையை ஆட்டியவர் பாட்டி. கன்னத்துப் பொட்டை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, பாட்டியே அதற்கொரு வழி கண்டார். குழந்தையின் உள்ளங்காலில் மையை இட்டார். படத்தில் தெரியாது, கண்ணேறும் படாது. அந்தப் படம் முதல் பார்வையிலேயே ஏற்கப்பட்டது. தாயும் மகளும் விசா பெற்று ஜெர்மனி சேர்ந்தது, கணவர் சென்று ஏழு வாரம் கழித்து. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்தாண்டுக்கே செல்லுமாதலால், அந்தச் சிறுமிக்கு அடுத்த படம் அங்குள்ள நம் தூதரகத்துக்காக எடுக்க வேண்டி வரும். தள்ளப்பட்ட பழைய படத்தின் பிரதிகள் நான்கையும் பாட்டி ஊருக்கு எடுத்துச் சென்று விட்டார். அவற்றுள் ஒன்று இப்போது அவர் வீட்டுக் கூடத்தில், காதோரம் குறைந்து, முகம் நீண்டு, கன்னத்துப் பொட்டோடு சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது.